அரை மணித்தியாலம், பெருக்கல் இரண்டு

ஓய்வுபெற்ற ஆய்வுகூடக்காரியின் வீட்டுக்கு யாரும் பழக்கூடை கொண்டு வருவதில்லை. ஆராய்ச்சி செய்கிற டொக்டர் ரிஸ்னா கொண்டுவந்தது, நான் வேலை செய்த ஆய்வுகூடத்தின் மூன்று பழைய பதிவேடுகள். மேசையில் வைத்துவிட்டு, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே கேட்டார்.

"மிஸ், உங்கட காலத்து ஈஎஸ்ஆர் இரத்தச் சோதனைக் கணக்கெல்லாம் ஏன் இரட்டை எண்ணாவே கிடக்கு? பத்து, இருபத்திரண்டு, பதினெட்டு. மூண்டு கொப்பியிலயும் ஒரு ஒற்றை எண்கூட இல்லை."

"பழைய குழாய் பிள்ளை. ரெண்டு ரெண்டு மில்லிமீற்றருக்குத்தான் கோடு போட்டிருந்தது" என்றேன்.

"அப்பிடியெண்டா இதுக்கு முந்தின கொப்பியில ஒற்றை எண் இருக்கே. பிந்தின கொப்பியிலயும் இருக்கு."

கெட்டிக்காரப் பிள்ளை. எனக்கு நெருப்பாய்ப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல. அறுபத்தெட்டு வயதில், பென்சன் எடுத்து, பேரப்பிள்ளைகளும் கண்டபிறகு, என் வாய் இன்னும் அந்தப் பொய்யைக் காவல் காக்கிறதே என்று என்மேல்தான் வந்தது. பதிவேடுகளை விட்டுவிட்டுப் போங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. எல்லாம் நேற்று நடந்தது போல ஞாபகம் இருக்கிறது.

நான் வேலை செய்தது திருகோணமலையில், துறைமுகத்துப் பக்கம், ஒரு தருமசபை நடத்திய சின்ன ஆசுபத்திரியில். நாற்பது கட்டில், ஒரு வெளிநோயாளர் மண்டபம், ஒரு ஆய்வுகூடம். சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அதற்கு முந்தின என் பயிற்சிக் காலத்தைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் இரண்டு வருடம். சிங்களம் பழகினேன், மலசலப் போத்தல்களின் மணத்துக்குப் பழகினேன், நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணை மூடாமல் பார்க்கப் பழகினேன். சண்டை தொடங்கியிருந்தது. கொழும்பில் வேலை எடுத்துத் தருகிறோம் என்றார்கள். வீம்புக்கு ஊருக்கு வந்தேன்.

ஆய்வுகூடத்துக்குப் பெரியவர் தங்கராசா சேர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் மூன்று பேனை. காலையில் வந்தவுடன் மேசையை ஸ்பிரிற் போட்டுத் துடைப்பார். துடைத்த துணியை மணந்து பார்ப்பார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், எல்லோரும் 'பிள்ளை'. ஒருவரையும் ஏசினது கிடையாது. பிழை விட்டால் அந்தக் கண்ணாடித் தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, கதிரையில் போயிருந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட இரண்டு அறை தந்திருக்கலாம் என்று தோன்றும்.

அவரைப்பற்றி ஒரு விசயம் சொன்னால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று விளங்கும். கடற்படை அடிக்கடி துறைமுகத்துக்குள் வெடி போடும். தண்ணீருக்கு அடியால் ஆராவது நீந்தி வராமல் இருக்க. தும் என்று ஒரு சத்தம், யன்னல் கண்ணாடி நடுங்கும், அலுமாரிக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஊர்ச்சனம் திரும்பிக்கூடப் பார்க்காது. தங்கராசா சேருக்கு மட்டும் அது பொறுக்காது. ஈஎஸ்ஆர் குழாய்கள் நிற்கிற தாங்கிக்கு அந்த அதிர்வு பிடிக்கக் கூடாது என்று, தன்னுடைய பழைய இறப்பர்ச் செருப்பை நாலு துண்டாக வெட்டி, தாங்கியின் கால்களுக்குக் கீழே ஒட்டினார். ஒரு கிண்ணம் தண்ணீரைத் தாங்கியின்மேல் வைத்து, அடுத்த வெடி வரும்வரை காத்திருந்தார். வெடி வந்தது. தண்ணீர் அசையவில்லை. அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ஈஎஸ்ஆர் என்பது வெகு சாதாரணமான சோதனை. உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறதா, உள்ளுக்குள் நெருப்புப் புகைகிறதா என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. நாலு பங்கு இரத்தம், ஒரு பங்கு உறையாமல் காக்கிற கரைசல். மெதுவாகக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. மில்லிமீற்றர் கோடு போட்ட நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் பூச்சியம் வரைக்கும் ஏற்றவேண்டும். அந்தக் காலத்தில் வாயால்தான் உறிஞ்சினோம். குழாயின் அடியை இறப்பரில் அழுத்தி, மேலே வில்லுக் கம்பியால் பிடித்து, நேரே நிமிர்த்தி வைக்கவேண்டும். சற்றுச் சரிந்தாலும் கணக்குப் பிழைக்கும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கவேண்டும். சிவப்பணுக்கள் கீழே இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியதோ அதுதான் கணக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் குழாயில் ஒன்றும் நடவாதது போல இருக்கும். அந்த நேரம் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நாணயம் அடுக்கியது போல அடுக்காகின்றன. அடுக்குப் பாரமான பிறகுதான் விழத் தொடங்கும். சில இரத்தத்தில் அது இன்னும் பிந்தும். ஆகவே முதல் அரை மணித்தியாலமும் அடுத்த அரை மணித்தியாலமும் ஒன்றல்ல. இது முதலாம் வருடப் பயிற்சியிலேயே படிப்பிக்கிற விசயம். எனக்கும் தெரியும், தங்கராசா சேருக்கும் தெரியும்.

இனி பஸ்ஸின் கதை. சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வருகிற சனம் காலையில் சென்றி என்கிற ஒவ்வொரு ஆமிச் சோதனைச்சாவடியிலும் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, வந்துசேரப் பதினொரு மணியாகும். துண்டு எடுத்து, டொக்டரைக் கண்டு, இரத்தம் கொடுக்க ஒன்றரை மணி. திரும்பிப் போகிற கடைசி பஸ் இரண்டரைக்கு. அதை விட்டால் பிறகு சென்றியில் விடமாட்டார்கள். ஒரு மணித்தியாலம் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்து, அதற்குப் பிறகு டொக்டரிடம் போய் மருந்து எழுதிக்கொண்டு பஸ் பிடிக்க யாரால் முடியும்? பெண்கள் ஆய்வுகூட யன்னலில் வந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். "மிஸ், பஸ் போயிடும் மிஸ். வீட்டில பிள்ளையள் தனிய."

அப்படிக் கும்பிட்ட ஒரு நாள்தான் தங்கராசா சேர் சொன்னார். "அரை மணித்தியாலத்தில பாத்து ரெண்டால பெருக்கி எழுது பிள்ளை. பாவம், போகட்டும்."

இரக்கத்தில்தான் தொடங்கினது. அதை நான் மறைக்கமாட்டேன். முதலில் தூரத்துச் சனத்துக்கு மட்டும். பிறகு கிளினிக் நாளில் வந்த எல்லோருக்கும். பிறகு கிளினிக் இல்லாத நாளிலும். இரக்கம் சோம்பலாக மாறினது எந்தக் கிழமையில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். 'அரை மணித்தியாலம்' என்று அந்தத் துண்டில் ஒருநாளும் எழுதவில்லை. நான் ஒருமுறை பேனையால் எழுதப் போனேன். சேர் கையை வைத்து மறைத்தார். "எழுதினா டொக்டர் திருப்பி அனுப்புவார். பிறகு அந்தச் சனம் பஸ்ஸை விட்டுடும்." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையைத்தான் இப்போதும் கழுத்தில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நாகேஸ்வரி வந்தது ஒரு புதன்கிழமை. சல்லியில் கருவாடு போடுகிற மனிசி, அப்போது முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். கூட வந்த மகள் தர்ஷினிக்குப் பதினொரு வயது. மெலிந்த பிள்ளை, ஒரு காலை வைக்கிறபோது முகத்தைச் சுளித்தாள். யன்னலில் துண்டை நீட்டியபடி தாய் சொன்னாள்.

"மிஸ், இவளுக்குத் தொண்டை நோ வந்து மாறினது. பிறகு முழங்கால் வீங்கினது. அது வத்த, கணுக்கால். இப்ப மணிக்கட்டு நோகுதெண்டு சொல்லுறாள். இவளின்ர தமையனுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. வடிவாப் பாருங்கோ மிஸ்."

"தமையன் எங்க?"

"போன வரியம் போயிட்டான். நெஞ்சு வருத்தம். பதினாறு வயசு."

"ஓம் ஓம், கையை நீட்டச் சொல்லுங்கோ" என்றேன்.

இதை இன்றைக்கு எழுதும்போது பேனையை வீசவேண்டும் போல இருக்கிறது. அந்த மனிசி பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு விட்டவள். ஒரு டொக்டர் பாடமாக்கிச் சொல்லவேண்டிய அத்தனையையும், வரிசை தப்பாமல், என் முகத்துக்கு நேரே சொன்னாள். தொண்டை நோ, பிறகு மூட்டுவிட்டு மூட்டுத் தாவுகிற நோ, அதே குடும்பத்தில் நெஞ்சு வருத்தத்தால் செத்த ஒரு பிள்ளை. அந்தத் துண்டில் பெயர், வயது, வாட்டு, சோதனை என்று நாலு கோடு இருந்தது. தாய் சொன்னதை எழுத ஒரு கோடு இல்லை. இல்லாத கோட்டை நான் கீறவுமில்லை.

இரத்தம் எடுத்தேன். பிள்ளை அழவில்லை. குழாயைத் தாங்கியில் நிறுத்தினதும் தர்ஷினி யன்னல் கட்டையில் நாடியை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டும் நடக்கேல்லையே மிஸ்."

"இப்பதானே வைச்சது. விழும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம்."

இடையில் துறைமுகத்தில் ஒரு வெடி. கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை கண் வெட்டாமல் குழாயையே பார்த்தாள். "ஆடேல்ல மிஸ்" என்றாள். அவள் சொன்னது சரி.

அரை மணித்தியாலத்தில் பார்த்தேன். பதினொன்று. இருபத்திரண்டு என்று எழுதித் துண்டைக் கொடுத்தேன். தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அசையவில்லை.

"மிஸ், அது இன்னும் இறங்குது."

"இவ்வளவு காணும் பிள்ளை. பஸ்ஸுக்கு ஓடு."

எங்களுடைய வெளிநோயாளர் டொக்டர் நல்ல மனிதர், ஆனால் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மூட்டு நோவோடு வருகிற பிள்ளைக்கு ஈஎஸ்ஆர் முப்பதுக்கு மேலே என்றால் வாட்டில் மறித்து வைத்து, பெனிசிலின் தொடங்கி, நெஞ்சு கெடாமல் இருக்க மாதாமாதம் ஊசி போடுவார். முப்பதுக்குக் கீழே என்றால் தடிமன் காய்ச்சலால் வந்தது, வளருகிற வயதில் வருகிற நோ என்று பனடோல் மாத்திரை எழுதி அனுப்புவார். எங்களுடைய இலக்கத்தை நம்பித்தான் அந்தக் கணக்கை வைத்திருந்தார். இருபத்திரண்டைப் பார்த்தார். பனடோல் எழுதினார்.

அவர்கள் போன கையோடு துவக்குச் சூடுபட்ட இரண்டு மீனவர்களைக் கொண்டுவந்தார்கள். இரத்த வகை பார்ப்பது, பொருத்திப் பார்ப்பது, இரத்தம் தரக்கூடியவர்களைத் தேடி வாட்டெல்லாம் ஓடுவது என்று தாங்கியை மறந்துபோனேன். வழமையாக வாசித்த உடனே குழாயைக் கழுவி வைத்துவிடுவேன். அன்றைக்குக் கழுவவில்லை. திரும்பி வந்து கையைத் துடைத்தபடி மணிக்கூட்டைப் பார்த்தேன். வைத்து ஒரு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும் ஆகியிருந்தது. குழாயைப் பார்த்தேன். நாற்பத்தேழு.

திருப்பி வாசித்தேன். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்து வாசித்தேன். நாற்பத்தேழுதான். தங்கராசா சேரிடம் போனேன். அவர் கதிரையில் இருந்து பேனைக்கு மை அடைத்துக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தச் சல்லிப் பிள்ளைக்கு இருபத்திரண்டு எண்டு குடுத்துவிட்டனான். மணித்தியாலத்தில நாப்பத்தேழு."

"வெடி போட்டவங்கள்தானே. குழாய் அதிர்ந்திருக்கும்."

"நீங்கள்தானே சேர் செருப்பு வெட்டி வைச்சனீங்கள்."

அவர் பேனையை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, இந்த ஒண்டைத் திருத்தினா, அப்ப மற்றதெல்லாம் எப்பிடி எண்டு டொக்டர் கேப்பார். என்ன சொல்லுறது? பதினைஞ்சு நாளில திரும்பி வருவினம். அப்ப முழு மணித்தியாலம் வைச்சுப் பாப்பம்."

ஆய்வுகூட வாசலிலிருந்து டொக்டரின் அறைக்கு இருபது அடி தூரம்கூட இல்லை. அவருடைய இருமல் எனக்குக் கேட்டது. சென்றி இல்லை, ஆமி இல்லை, முள்ளுக்கம்பி இல்லை. ஒரு நடைபாதை. அதை நான் நடக்கவில்லை. சண்டையால் பிள்ளை செத்தது என்று சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு இதனால்தான் கோபம் வருகிறது. சண்டை செய்தது நிறைய. இதை நான் செய்தேன்.

பதினைந்தாம் நாள் றோட்டு அடைப்பு. அதற்கடுத்த கிளினிக்குக்கு ஆமியின் சுற்றிவளைப்பு. அதற்குப் பிறகு பிள்ளையின் மூட்டு நோ தானாகவே மாறிவிட்டதாம். நோ மாறின பிள்ளையை ஏன் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்? அந்த வருத்தத்தின் கள்ளத்தனமே அதுதான். மூட்டில் நிற்கும், போய்விடும். நெஞ்சுக்குள் போனால் நிற்கும், போகாது.

நாலாம் மாதம் நாகேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினொரு வயதுப் பிள்ளையை இடுப்பில். இளைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு விட ஏலாது. டொக்டர் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் எடுக்கவில்லை. நெஞ்சு வால்வு ஒழுகுகிறது என்றார். இரத்தம் எடுக்க நானும் கட்டிலடியில் நின்றேன்.

"அண்டைக்கு இருபத்திரண்டுதானே இருந்தது" என்று அவர் பழைய துண்டைப் பார்த்துத் தனக்குள் சொன்னார். பிறகு தாயிடம் சொன்னார். "இது உங்கட குடும்பத்தில ஓடுது அம்மா. இரத்தத்தில இருக்கிற விசயம். மகனுக்கும் அதுதான். நாங்கள் என்ன செய்யிறது."

நாகேஸ்வரி தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. இரண்டாவது முறை.

அன்று பின்னேரம் தங்கராசா சேரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, இனி முழு மணித்தியாலம்தான் வைப்பேன், விருப்பமில்லாவிட்டால் என்னை நிற்பாட்டுங்கள் என்றேன். அவர் துணியை எடுத்து, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார். அடுத்த கிளினிக்கில் ஆறு பேர் பஸ்ஸை விட்டார்கள். என்ன நடந்தது தெரியுமா? வாட்டு விறாந்தையில் ஆறு பாய் விரித்தோம். குசினியில் ஒரு படி அரிசி கூடப் போட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். அவ்வளவுதான். ஆறு பாயில் முடிகிற காரியத்துக்கு மூன்று பதிவேடு நிறையப் பொய் எழுதி வைத்திருந்தோம். அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குப் பல் கடிபடும்.

தர்ஷினிக்கு ஊசி தொடங்கினார்கள். பிந்திவிட்டது. வால்வு மாற்றக் கொழும்புக்குக் கடிதம் போனது, பதில் வந்தது, திகதி வந்தது, றோட்டு அடைபட்டது, வேறு திகதி வந்தது. பதினாலு வயதில் செத்தாள். தங்கராசா சேர் ஓய்வுபெற்று, பிள்ளைகளோடு வெளிநாடு போய், அங்கேயே காலமாகிவிட்டார். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன். தாங்கிக்குச் செருப்பு வெட்டத் தெரிந்த மனிதனுக்கு அரை மணித்தியாலம் என்று இரண்டு சொல் எழுதத் தெரியவில்லை.

ரிஸ்னா அடுத்த கிழமை திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய தாள். இந்தக் கரையில் வால்வு கெட்டுப்போகிற வருத்தம் ஏன் சில வீடுகளில் மட்டும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்கு விளங்கப்படுத்தினார். தொண்டைக்குள் வருகிற கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பு தன்னுடைய காவல்காரரை அனுப்புகிறது. அந்தக் கிருமியின் தோற்றமும் நெஞ்சு வால்வின் தோற்றமும் ஓரளவு ஒன்று. பெரும்பாலான ஆட்களின் காவல்காரருக்கு வித்தியாசம் பிடிபடும். சில பேருக்கு, பிறப்பிலேயே வந்த மரபணு அமைப்பால், பிடிபடாது. கிருமி போன பிறகும் உடம்பு தன் நெஞ்சையே அடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிதான் அழற்சி. நாங்கள் குழாயில் அளந்தது அதைத்தான்.

"அப்ப மரபணுதான் காரணமோ?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லை மிஸ். மரபணு இருக்கிற எல்லாருக்கும் வாறேல்ல. ஊசி ஒழுங்காப் போட்டா, இருக்கிற ஆக்களுக்கும் நெஞ்சு தப்பும். எந்த வீட்டைக் கவனமாப் பாக்கவேணும் எண்டுதான் அது சொல்லுது."

எந்த வீட்டைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று. அதை எனக்கு ஒரு கருவாட்டுக்காரி யன்னலில் நின்று சொன்னாள்.

தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பங்கள் வரைந்திருந்தன. ஒரு வட்டத்துக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், இரண்டிலும் செத்ததைக் காட்டுகிற சாய்கோடு. ரிஸ்னா அதில் விரலை வைத்தார். "இந்த அம்மா சல்லியில இருக்கிறா. இரத்தம் தரச் சொல்லிக் கேட்டன். தரமாட்டாவாம். தன்ர இரத்தம்தான் ரெண்டு பிள்ளையளையும் திண்டதெண்டு சொல்லுறா. புருசன்ர தாய் அதைச் சொல்லியே வீட்டை விட்டுக் கலைச்சவவாம். அந்த ஆள் இறக்கக்கண்டியில வேற கலியாணம் கட்டி, அந்தப் பிள்ளையள் சுகமா இருக்கினமாம். அதால இவவுக்கு இன்னும் நம்பிக்கை. சொந்தத் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறில இரத்தம் தேவைப்பட்ட நேரமும், வகை ஒண்டாயிருந்தும், குடுக்கேல்லையாம்."

பெயரைக் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, அந்தப் புதன்கிழமையின் பக்கத்தை எடுத்து, இருபத்திரண்டில் விரலை வைத்து, ரிஸ்னாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கும் தேத்தண்ணி ஆறிப்போனது.

"போய்ச் சொல்லப் போறீங்களோ மிஸ்?" என்றார்.

அடுத்த நாள் காலை ஒட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனேன். கோயிலடியில் இறங்கி விசாரித்தேன். நாகேஸ்வரி கடற்கரையில் வலைக்கு மேல் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. என்னை அடையாளம் பிடிக்கவில்லை. ஆய்வுகூடத்து மிஸ் என்றதும் நிமிர்ந்தாள்.

"ஓ. என்ர பிள்ளைக்கு நோகாமல் ஊசி குத்தின மிஸ்."

அந்தச் சொல்லோடு திரும்பிப் போயிருக்கலாம். நின்றபடியே சொன்னேன். அரை மணித்தியாலம், பதினொன்று, பெருக்கல் இரண்டு, நாற்பத்தேழு. முப்பதுக்கு மேலே என்றால் அன்றைக்கே மறித்து ஊசி போட்டிருப்பார்கள் என்றதையும் சொன்னேன். தெரிந்தும் டொக்டரிடம் போகவில்லை என்றதையும் சொன்னேன். "உங்கட இரத்தம் இல்லை. இரத்தத்தில இருந்திருந்தாலும் பிள்ளை தப்பியிருக்கும். நாங்கள்தான்" என்றேன்.

அவள் கையிலிருந்த மீனைப் பரப்பி முடித்தாள். பிறகு வலையின் ஓரத்தில் குந்தினாள். அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டையும் வாங்கத்தான் போயிருந்தேன்.

"பிள்ளை சொன்னவள்" என்றாள்.

"என்னெண்டு?"

"பஸ்ஸுக்குள்ள. 'அம்மா, அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, மிஸ் பாக்கேல்ல' எண்டு. சல்லி வரும்மட்டும் அதையே சொன்னவள். நான்தான் வாயைப் பொத்து, படிச்ச ஆக்களுக்குத் தெரியும் எண்டு சொன்னனான்."

மணலில் விழுந்துகிடந்த ஒரு மீனைக் குனிந்து எடுத்து வலையில் வைத்தேன்.

"முப்பது வரியத்துக்குக் கிட்ட என்ர இரத்தத்தைத்தான் குறை சொன்னனான்" என்றாள். "என்ர தங்கச்சிக்குக் குடுக்கேல்ல. தெரியுமோ உங்களுக்கு? அவள் என்னோட இண்டைக்கும் கதைக்கிறேல்ல." சட்டைக் கையை மடித்து விட்டு முழங்கையை நீட்டினாள். நரம்பு பச்சையாகத் தெரிந்தது. "அந்த டொக்டர் பிள்ளையை வரச்சொல்லுங்கோ. எடுக்கட்டும். எவ்வளவு வேணுமெண்டாலும் எடுக்கட்டும்."

சொல்கிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் கையால் மறித்தாள்.

"என்ர பிள்ளைக்கு மட்டுமோ அப்பிடிச் செய்தனீங்கள்?"

"இல்லை. அந்தக் காலம் வந்த எல்லாருக்கும்."

"மற்றப் பிள்ளையளின்ர தாய்மாருக்குச் சொல்லீட்டீங்களோ?"

"இல்லை."

"அப்ப இங்க என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டாள். "எழும்பிப் போங்கோ."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். என்றாலும் அவள் சொன்னது எனக்கு விளங்கியது.

மூன்று பதிவேடுகளும் என் மேசையில் இருக்கின்றன. ரிஸ்னாவும் நானும் அதில் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெயர்களைப் பிரித்து எழுதியிருக்கிறோம். ஊர் எழுதியிருக்கிறது, தகப்பன் பெயர் எழுதியிருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் இரட்டை எண் இருக்கிறது. முதலாவது பெயருக்கு நேரே இருக்கிற ஊர் இறக்கக்கண்டி. காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன்.